ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

உலக சங்கீத வரலாறு 1994ஆம் வருஷம் ஆடிப்பூரத்துக்கு முந்தின சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு தகரப் பந்தலில், மறுபடி ஒட்ட முடியாதபடி இரண்டாகப் பிளந்தது என்பதை அந்த ஊரிலும் ராஜபாளையத்திலும் மம்சாபுரம் முதலான அக்கம்பக்கத்து ஊர்களிலும் வாழும் ரசிகப் பெருமக்களுக்குத் தலைவணங்கித் தெரியப்படுத்துகிறோம். பிளவுக்கு முற்பட்டது டிபன் டப்பா யுகம். பிற்பட்டது கம்ப்யூட்டர் யுகம். இப்படிப் பெயரிட்டவர் ‘மலைச்சாரல் மெல்லிசைக் குழு’வின் நிறுவனரும் தலைவரும் கிடார் கலைஞருமான திரு. வைகுண்டராஜ். பகல் வேளைகளில் அவர் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மேற்பார்வையாளர். அறுந்த நூலை ஒட்டுகிறவர்கள் ஒழுங்காக ஒட்டுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை.

டிபன் டப்பா யுகத்தை விளக்காவிட்டால் பின்னால் வருகிற சந்ததி குழம்பிப்போகும். சினிமாப் பாட்டில் மின்சாரக் கிடார் உறுமும். வைகுண்டராஜின் கிடார் உறுமாது. கரண்டியால் தட்டைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அதற்கு உறுமல் கற்றுக்கொடுத்தவர் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ கடை வைத்திருந்த சுயம்புலிங்கம். செத்த ரேடியோக்களின் வயிற்றிலிருந்து நாலைந்து சாமான்களைப் பிடுங்கி, எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றுக்குள் பற்றவைத்து, மூடியில் ஓட்டைகள் போட்டு, திருகுவதற்கு இரண்டு குமிழும் காலால் அமுக்க ஒரு மேஜைவிளக்கு சுவிட்சும் பொருத்திக் கொடுத்திருந்தார். கிடாரின் வயர் டப்பாவுக்குள் போய் வெளியே வந்தால் உறுமல். சில சமயம் விவித்பாரதியும் சேர்ந்து வரும். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

டப்பா கெட்டுப்போகாத கச்சேரி கிடையாது. கெட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சுயம்புலிங்கம் மேடையேறுவார். மூடியைத் திறப்பார். “டிரை சால்டர்” என்பார். உலகத்தில் உள்ள எந்த இயந்திரத்துக்கும் அவர் கண்டுபிடித்த ஒரே வியாதி அதுதான்; ஈயப் பற்று விட்டுப்போச்சு என்று அர்த்தம். சூட்டுக்கோலை வைத்து எதையோ தொடுவார். புகை வரும், பிறகு உறுமலும் வரும். ‘இவ்விடம் சகல எலக்ட்ரானிக் சாதனங்களும் விஞ்ஞான முறைப்படி பழுது நீக்கித் தரப்படும்’ என்று கடையில் போர்டு மாட்டியிருந்தார். விஞ்ஞானம் என்பது அந்தச் சூட்டுக்கோல்.

இப்படி இருக்கையில் வைகுண்டராஜின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். கறுப்பு நிறம். நெற்றியில் பச்சை வெளிச்சத்தில் எழுத்து ஓடும். உள்ளே நூறு விதமான கிடார்ச் சத்தங்கள் அடைத்துவைத்திருப்பதாகச் சொன்னான். குகைக்குள் வாசிக்கிற மாதிரி ஒன்று, கடலுக்கடியில் வாசிக்கிற மாதிரி ஒன்று. ஒரு தரம் தட்டினால் எட்டுத் தரம் எதிரொலித்து, எட்டுப் பேர் வாசிக்கிறார்களோ என்று கேட்கிறவன் மிரளும்படி ஒன்று. விரல் தப்பினாலும் எதிரொலியில் தப்பு கரைந்துபோகும். இந்தக் கடைசி அம்சம் நோட்டீசில் போடப்படவில்லை. ‘தென்னகத்திலேயே முதன்முறையாக கம்ப்யூட்டர் கிடார்’ என்று மட்டும் போடப்பட்டது.

தேரடிப் பந்தலில் வைகுண்டராஜ் கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஆடி மாசத்துப் புழுக்கத்தில் கோட். பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி நாலு திசைக்கும் காட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“இன்னையிலேருந்து டிபன் டப்பா மில்லுக்குச் சோறு கொண்டு போறதுக்கு மட்டுந்தான். சங்கீதம் பூராவும் கம்ப்யூட்டர்ல.”

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த சுயம்புலிங்கம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கை தட்டியதும் அவர்தான் முதலில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் மேடையைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வைகுண்டராஜ் மேலிருந்து பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, திருக வேண்டிய அவசியமே இல்லாத ஒரு குமிழைக் குனிந்து திருகினார்.

கம்ப்யூட்டர் யுகம் சில மாதங்கள் ஒழுங்காக நடந்தது. அப்புறம் பெட்டிக்கு மறதி வந்தது.

கச்சேரி இல்லாமல் பத்து நாள் சும்மா கிடந்தால் போதும், நூறு சத்தமும் மறந்துபோகும். நெற்றியில் ஓர் ஆங்கில வார்த்தை நின்று சிமிட்டும். கம்பியைத் தட்டினால் ஒன்றும் வராது. வைகுண்டராஜ் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரேடியோ கடைக்குப் போனார். மைக்கில் சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. சுயம்புலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே பச்சை அட்டையில், நூறு கால் முளைத்த கறுப்புப் பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் எழுதியிருந்த பெயரைக் கம்பெனிக்காரனே சுரண்டி எடுத்திருந்தான். சுயம்புலிங்கம் கிணற்றுக்குள் விழுந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி எட்டிப் பார்த்தார். சூட்டுக்கோல் கையில் சுட்டுக்கொண்டே இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, இதுல கெட்டுப் போறதுக்கே ஒண்ணும் இல்லையே” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில் “டிரை சால்டராத்தான் இருக்கும்” என்றும் சேர்த்துக்கொண்டார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், பெட்டியைத் திறந்தது குற்றம், திறந்த பெட்டிக்கு நாங்கள் பொறுப்பில்லை, சத்தங்களை ஞாபகம் வைத்திருக்கிற பேட்டரி தளர்ந்துவிட்டது, அதை மாற்ற முடியாது, வேண்டுமானால் கம்ப்யூட்டர் மூலம் சத்தங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஏற்ற வேண்டிய சத்தங்கள், மச்சினன் பெட்டியோடு கொண்டுவந்திருந்த ஒரு ஃப்ளாப்பியில் இருந்தன. உள்ளங்கை அகலம், நீல நிறம், ஓரத்தில் நகரக்கூடிய ஒரு தகர மூடி. அதைக் கோலமாவு டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்த சண்முகத்தாய் துடைத்துக் கொடுத்தாள். சண்முகத்தாய் வைகுண்டராஜின் மனைவி. நல்லவேளை, துடைக்க மட்டும்தான் செய்தேன், கழுவவில்லை என்று பிற்பாடு சொன்னாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். மடியில் பெட்டி, சட்டைப்பையில் ஃப்ளாப்பி. மாட வீதியில் ஒரு மாடியில் ஸுந்தரராஜன் என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். செருப்பைக் கீழேயே விட வேண்டும். செருப்புத் தூசியில் வைரஸ் வரும் என்பது அந்த மாடியின் சித்தாந்தம். கோயிலுக்குள் போகிற மாதிரி கால் கழுவிக்கொண்டு ஏறி, ஏசி அறையில் பெட்டியை இறக்கி வைத்தால், ஸுந்தரராஜன் அதைக் கம்ப்யூட்டரோடு வயரால் இணைத்து, ஃப்ளாப்பியை நுழைத்து, சத்தங்களை ஊட்டுவார். சோறு தின்ன மறுக்கிற குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி நேரமாகும். ஒரு கிடார் வாசிக்க ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும் ஒரு பஸ்ஸும் தேவைப்படுவதை வைகுண்டராஜ் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

முதல் தடவையே ஸுந்தரராஜன் ஒரு யோசனை சொன்னார். “இதை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்கோ ஸார். என் மெஷின்லயும் ஒண்ணு இருக்கட்டும்.”

வைகுண்டராஜுக்கு அது பிடிக்கவில்லை. காப்பி என்றால் டூப்ளிகேட். ஒரிஜினல் வைத்திருக்கிறவனுக்கு டூப்ளிகேட் எதற்கு? தவிர, தன் சத்தத்தை இன்னொருத்தர் மெஷினில் விட்டுவைத்தால் நாளைக்கு மதுரைக்காரன் எவனாவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

1996இல் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. மில்லில் காலையிலேயே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மேற்பார்வையாளர் என்ற முறையில் வைகுண்டராஜ் கையால்தான் முதல் பொட்டு. அதே கையோடு வீட்டுக்கு வந்தார். சண்முகத்தாய் பலகையில் கிடாரைச் சாத்தி, பெட்டியை வைத்து, வயர்களைச் சுருட்டி அடுக்கி, ஃப்ளாப்பியையும் வெற்றிலை மேல் வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் ஃப்ளாப்பியின் வெள்ளைச் சீட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

“ஏட்டி, அது உறை. உள்ள இருக்கறதுக்குல்லா வைக்கணும்” என்றார் வைகுண்டராஜ்.

நூற்பாலையிலும் அப்படித்தான். மெஷினின் தகரக் கதவுக்குப் பொட்டு வைக்கிறவன் சோம்பேறி. கதவைத் திறந்து உள்ளே சுற்றுகிற உருளைக்கு வைக்கிறவன் தொழிலாளி. இதை அவரே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஃப்ளாப்பியின் தகர மூடியைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு தகடு தெரிந்தது. மோதிர விரலால் குழைத்த சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். கட்டைவிரலை எடுத்ததும் மூடி தானாக வந்து மூடிக்கொண்டது. பூஜை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சுயம்புலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளையின் அப்பா சோலைராஜ் அரிசி மண்டிக்காரர், கனத்த ஆள், குறைவாகப் பேசுவார். சாயங்கால வரவேற்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் ஒன்றில். வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்த சுயம்புலிங்கம், எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர் கிடார்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டேன். அவிய பத்திரிகையிலயே போட்டுட்டாவ. எனக்கு அவிய மாதிரி மண்டியும் மாடியும் இல்ல பாத்துக்கிடுங்க. எம் பக்கத்துக் கௌரவம் அன்னைக்கு நீங்கதான்.”

டப்பாவை அவமானப்படுத்திய மனிதரிடம், டப்பாவைச் செய்த மனிதர், டப்பா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். வைகுண்டராஜ் அவர் தோளில் தட்டி, கவலையை விடு என்றார்.

வரவேற்பன்று காலையில் பெட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். வைகுண்டராஜ் பஸ் ஏறினார், கால் கழுவினார், மாடி ஏறினார். ஸுந்தரராஜன் ஃப்ளாப்பியை நுழைத்தார். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து காப்பிக்கொட்டை அரைபடுகிற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஸுந்தரராஜன் ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, தகர மூடியை ஒதுக்கிப் பார்த்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்து பார்த்தார்.

“ஸார், இதுக்கு யாரு குங்குமம் வெச்சது?”

“ஆயுத பூஜைல்லா” என்றார் வைகுண்டராஜ்.

“வெளியில வெச்சாப் போறாதோ?”

“வெளியிலயும் வச்சோம்.”

காய்ந்த சந்தனம் தகட்டைக் கீறியிருந்தது. உதிர்ந்த குங்குமம் ஸுந்தரராஜனின் கம்ப்யூட்டருக்குள்ளும் போய் அதன் வாயையும் கெடுத்திருந்தது. ஸுந்தரராஜன் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் சிரிப்பை அடக்குவதற்காக ஏசியைக் கூட்டிக் குறைத்தார். அன்னிக்கே ஒரு காப்பி எடுத்திருந்தால் என்று ஆரம்பித்து, எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வைகுண்டராஜ் கேட்டுக்கொண்டார். சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஸுந்தரராஜன் ஆறுதல் சொன்னார்.

மாடிப்படி இறங்கும்போது வைகுண்டராஜுக்கு டிபன் டப்பா ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டார்.

“அது அடுப்படியில இருக்கு. பயறு முளை கட்டியிருக்கேன்” என்றாள் சண்முகத்தாய்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். மூடியில் குமிழ்களும் சுவிட்சும் இருந்த ஓட்டைகள் வழியாகப் பாசிப்பயறு வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தது. முளை கட்டுவதற்கு அந்த ஓட்டைகள் அளவெடுத்துப் போட்டது மாதிரி இருக்கிறது, காற்று நன்றாகப் போகிறது என்றாள். உள்ளே இருந்த சாமான்கள் எங்கே என்று கேட்டதற்கு, நீங்கதானே மைக்கில் சோத்துக்கு மட்டுந்தான்னு சொன்னீக, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றாள். இரண்டு வருஷமாக அந்த முளைப்பயறைத்தான் அவர் மில்லுக்குக் கொண்டுபோய்த் தின்றுகொண்டிருந்தார்.

நடந்ததை அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

“சுயம்பு அண்ணன்ட்ட உள்ளதச் சொல்லிருங்க. பொட்டு வச்சேன், கெட்டுப்போச்சுன்னு.”

“எனக்கு இருக்கது ஒரு மானம், ஏட்டி. பொட்டு வச்சுக் கெடுத்தேன்னு எப்பிடிச் சொல்லுவேன்?”

அவள் பயறு டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. வயரிங் முழுக்க சுயம்புலிங்கமே பார்த்திருந்தார்; தன் மகள் கல்யாணத்தில் அடுத்தவன் இழுத்த வயரில் விளக்கு எரிவதா என்று இரண்டு நாளாக ஏணியில் ஏறி இறங்கியிருந்தார். இப்போது பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்விட்சையும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டுக்கொண்டு திரிந்தார். மேடையில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதே முதல் பந்தி நடந்தது. பந்தியிலிருந்து வந்த சோலைராஜ் முன்வரிசை சோபாவில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது.

வைகுண்டராஜ் பெட்டியைத் தனக்கு முன்னால் வைத்து வயர்களை எல்லாம் மாட்டினார். அதன் நெற்றியில் அந்த ஒரே வார்த்தை சிமிட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும். கிடாரின் வயரை மட்டும் ரகசியமாக நேரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். முதல் பாட்டின் முகப்பு இசையில் நாலு கம்பியைத் தட்டினார்.

குகை இல்லை, கடலில்லை, எதிரொலியில்லை. நாற்பத்தைந்து வயசான ஒரு மேற்பார்வையாளரின் விரல்கள் மட்டும் கேட்டன. ஒன்று முந்திப் போயிற்று, ஒன்று கம்பியில் வழுக்கியது, ஒன்று தப்பான இடத்தில் அழுத்தியது. இரண்டு வருஷமாகப் பெட்டி போர்த்திவைத்திருந்ததை எல்லாம் மண்டபத்தின் நாலு மூலையிலும் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் பாகுபாடில்லாமல் எடுத்துச் சொல்லின. அவர் கையை எடுத்துவிட்டார். பாடகி பரிபூரணம் திரும்பிப் பார்த்தாள். சோலைராஜ் சோபாவில் அசைந்து உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் மேடைப்படியில் ஓடி வந்தார்.

“என்னாச்சு அண்ணாச்சி?”

அந்த நேரத்தில் வைகுண்டராஜின் வாய், அவர் அனுமதி இல்லாமலே ஒரு காரியம் செய்தது என்று சொல்லத்தான் அவருக்கே ஆசை. அப்படி இல்லை. பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்ததுதான்.

“லைன்ல கோளாறு சுயம்பு. வோல்டேஜ் ஏறிப் பொட்டிய அடிச்சிருச்சு. வயரிங் யாரு பாத்தா?”

மைக் பக்கத்தில் இருந்தது. வயரிங் யாரு பாத்தா என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. நல்ல வயரிங், ஓர் எழுத்து பிசிறில்லாமல் கேட்டது.

“நாந்தான் அண்ணாச்சி” என்றார் சுயம்புலிங்கம்.

அவர் உடனே நம்பிவிட்டார். சண்டை போடுவார், என் வயரில் ஒரு குறை காட்டுங்க என்பார், என்ன பதில் சொல்லலாம் என்றெல்லாம் வைகுண்டராஜ் தயாராக இருந்தார். நம்பிவிடுவார் என்பதற்கு மட்டும் தயாராக இல்லை. சுயம்புலிங்கம் கீழே இறங்கிப் போய், சோபாவுக்கு முன்னால் நின்று, சம்பந்தியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். என் தப்புதான், மன்னிச்சுக்கிடணும் என்று உதடு அசைவது மேடைக்குத் தெரிந்தது. சோலைராஜ் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாக ஆட்டிவிட்டு எழுந்து சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் போய்விட்டார். சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் காலியான சோபாவைக் கும்பிட்டபடி நின்றார். அப்புறம் டெஸ்டரை எடுத்துக்கொண்டு, பட்டு ஜிப்பாவோடு மேடைக்கு அடியில் ஊர்ந்து போனார். மணமகள் அலங்கார நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் அவள் மேடையைப் பார்க்கவில்லை.

கச்சேரி நிற்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற தனுஷ்கோடி ஒரு பொத்தானை அமுக்கினார். கீபோர்டிலிருந்தே கிடார்ச் சத்தம் வந்தது. வைகுண்டராஜ் வயர் இல்லாத கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி விரலை அசைத்துக்கொண்டு நின்றார். அவருடைய காலுக்கு அடியில், பலகைகளுக்குக் கீழே, சுயம்புலிங்கம் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நகர்வது கேட்டது. எந்த இணைப்பிலும் கோளாறு இல்லை. அதனால் திரும்பவும் முதலிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். வைகுண்டராஜ் அந்தத் தட்டலுக்கு மேலே நிற்கக் கூசி ஓர் அடி நகர்ந்து நின்றார். தட்டலும் அங்கே வந்தது.

பரிபூரணம் ஒரு பாட்டை முடித்துவிட்டு, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, சபையைப் பார்த்த முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“அண்ணே, அக்கா எல்லாம் சொல்லிட்டாவ. ஒங்க பொட்டு செஞ்ச பாவத்துக்கு அவிய வயரு என்ன பண்ணும்?”

சண்முகத்தாய் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் வைகுண்டராஜ் தாங்கியிருப்பார். முளை கட்டாத பயறைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு பாட்டுகளுக்கு அவர் விரலை அசைத்தார். கை ரேகைகள் வரை வியர்த்தது. சுயம்புலிங்கம் மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஜிப்பாவின் முன்பக்கம் முழுக்கத் தூசி, முழங்கையில் ஒட்டடை. “ஒண்ணும் பிடிபடல அண்ணாச்சி, டிரை சால்டரும் இல்ல. எங்கையோ நாந்தான் கோட்டை விட்டுருக்கேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பந்தியைப் பார்க்கப் போனார். டிரை சால்டர் இல்லை என்று அவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த பாட்டு முடிந்ததும் வைகுண்டராஜ் மைக்கை எடுத்தார்.

நேராகச் சொல்லியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. பெரியோர்களே, தாய்மார்களே என்று ஆரம்பித்தார். மலைச்சாரல் மெல்லிசைக் குழு தோன்றிய விதத்தைச் சொன்னார். கலைஞன் என்பவன் உண்மைக்குக் கட்டுப்பட்டவன் என்றார். டிபன் டப்பாவைப் பற்றி ஒருகாலத்தில் இதே ஊரில் தான் பேசிய ஒரு வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பேசினார், ஏனென்றால் திறந்தால் பேச முடியாது. பெட்டி வயரிங்கில் கெடவில்லை, ஃப்ளாப்பிக்குள் சந்தனம் குங்குமம் வைத்து நானே கெடுத்தேன், நண்பர் சுயம்புலிங்கத்தின் மேல் பொய்ப் பழி போட்டேன், அவரிடமும் சம்பந்தி அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று முடித்தார். கண்ணைத் திறந்தார்.

இரண்டாவது பந்திக்கு மணி அடித்திருந்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. மணமக்கள்கூட எழுந்து போயிருந்தார்கள். தனுஷ்கோடி கீபோர்டை அணைத்துவிட்டுப் போயிருந்தார். பரிபூரணம் படியிறங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில் சண்முகத்தாய் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தச் செய்தி புதிது இல்லை.

“கீழ போய்ச் சொல்லுங்க” என்றாள்.

கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில், பந்தி இரைச்சலில், இலைகளுக்கு நடுவே சுயம்புலிங்கம் தூசி ஜிப்பாவோடு நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி சோலைராஜ், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் இலையாகக் குனிந்து பார்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தார். கறுப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. வைகுண்டராஜ் சாம்பார் வாளிக்காரரை விலக்கிக்கொண்டு போய் சுயம்புலிங்கத்தின் கையைப் பிடித்தார். இந்தத் தடவை பேச்சு தாய்மார்களும் பெரியோர்களும் இல்லாமல் வந்தது.

“ஒன் வயர்ல ஒரு குத்தமும் இல்ல சுயம்பு. காலையிலயே பொட்டி செத்துப்போச்சு. ஆயுத பூஜைக்கு ஃப்ளாப்பிக்குள்ள பொட்டு வச்சேன். தெரிஞ்சுதான் ஒம் மேல போட்டேன்.”

சுயம்புலிங்கம் முதலில் புரியாதவர் மாதிரி பார்த்தார். அப்புறம் தன் ஜிப்பாவைக் குனிந்து பார்த்தார். முழங்கை ஒட்டடையை எடுத்து விரலில் உருட்டினார்.

“இத மேல வச்சே சொல்லியிருந்தா, நான் அவியளக் கும்பிட்டிருக்க மாட்டேன்லா அண்ணாச்சி. எம் புள்ள பாத்துக்கிட்டு இருந்தா.”

அவ்வளவுதான் சொன்னார். ஒருவர் ரசம் கேட்டார். ரசம் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். போகும்போது வைகுண்டராஜின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

வைகுண்டராஜுக்கு இன்னும் ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. கௌரவத்தைக் கெடுத்த இடத்தில் அதைத் திருப்பி வைப்பது. சோலைராஜின் முன்னால் போய் நின்று கும்பிட்டார். சுயம்புலிங்கம் கும்பிட்ட அதே மாதிரி, இரண்டு கையையும் எடுத்து. ஒங்க சம்பந்தி மேல கோபம் வேண்டாம், அவிய வயரிங்ல தப்பே இல்ல, கிடார் கெட்டது முழுக்க என் பிழை என்று சொன்னார்.

சோலைராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் கிடாரு?” என்றார்.

முதல் பந்தியில் அவருக்கு அப்பளம் வைக்கவில்லை.